எழுத்தாணியும் உடைவாளும்: என் மர்ம நாவல் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாவல் வெளிவந்ததிலிருந்து ஒரே கேள்விகள் திரும்பத் திரும்ப வருகின்றன. தக்கலைச் சந்தையில் மீன் வாங்கிக்கொண்டு நின்றபோது ஒருவர் பின்னாலிருந்து தோளைத் தட்டி, "கம்பருக்க எழுத்தாணி இப்ப யாருட்ட இருக்கு?" என்று கேட்டார். அவருக்குச் சொன்ன பதிலையும் சேர்த்து எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதிவிடுகிறேன். முடிவு மட்டும் இதில் கிடையாது.

படிக்காதவர்களுக்கு: கதைதான் என்ன?

கொல்லம் ஆண்டு 1015, அதாவது 1839, கன்னி மாதம். நவராத்திரிக்காகப் பத்மநாபபுரத்திலிருந்து திருவனந்தபுரம் போன சரஸ்வதி அம்மன், விழா முடிந்து ஊர் திரும்புகிறாள். கூடவே போய்வந்த பெட்டியைத் திறந்து, பட்டியலை வைத்து ஒவ்வொன்றாக ஒத்துப் பார்க்கிறார் ஒரு கணக்குப்பிள்ளை. எல்லாம் சரியாக இருக்கிறது. "நாராயம் ஒன்று" என்ற வரிக்கு நேராக ஒரு நாராயமும் இருக்கிறது. கையில் எடுத்ததும் அவருக்குத் தெரிந்துவிடுகிறது, போனது இது இல்லை என்று.

நாராயம் என்றால் எழுத்தாணி. மலையாளத்தில் அதுதான் பேர். கம்பர் பிடித்த எழுத்தாணி என்று கதையில் வருகிறவர்கள் எல்லாரும் நம்புகிறார்கள். எண்ணிக்கை குறையவில்லை, எடை குறையவில்லை, பூட்டு உடையவில்லை. திருட்டு என்று சொன்னால் யார் ஒத்துக்கொள்வார்கள்? அங்கேதான் அவருடைய கஷ்டம் தொடங்குகிறது.

அப்படி ஒரு எழுத்தாணி உண்மையில் உண்டா?

இல்லை. முழுக்க என் கற்பனை. சிலை உண்டு, உடைவாள் உண்டு, ஊர்வலம் உண்டு. எழுத்தாணியை நான்தான் பெட்டிக்குள் போட்டேன். கோயிலுக்குப் போய் "காட்டுங்க" என்று கேட்டு அங்கே இருப்பவர்களைச் சங்கடப்படுத்த வேண்டாம். ஏற்கெனவே இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள்.

சிலையையே மாற்றிவிட்டதாக எழுதியிருந்தால் பரபரப்பு கூடியிருக்கும், உண்மைதான். ஆனால் என் அம்மா வருஷா வருஷம் வாசலில் குத்துவிளக்கேற்றி, நிறைநாழி வைத்துக் காத்திருந்து கும்பிடுகிற சாமி அது. அதைத் திருடு கொடுக்க எனக்குக் கை வரவில்லை. இது கோழைத்தனம் என்று ஒரு நண்பர் சொன்னார். இருக்கட்டும்.

சரி, சிலை கம்பருடையதுதானா?

இந்தக் கேள்விக்குத்தான் நாவலில் மூன்று அத்தியாயம் செலவழித்தேன்.

வழிவழியாகச் சொல்வது இதுதான்: கம்பர் பூசித்த சரஸ்வதி, அவருடைய கடைசிக் காலத்தில் சேர மன்னர் கைக்கு வந்தது, நவராத்திரி பூசை தவறாமல் நடத்துவோம் என்று மன்னர் வாக்குக் கொடுத்தார், அந்த வாக்குதான் இன்றும் ஊர்வலமாக நடந்துகொண்டிருக்கிறது. பத்மநாபபுரம் கோட்டைக்குள் இருக்கும் தேவாரக்கெட்டு சரஸ்வதி கோயில்தான் அவள் இருப்பிடம்.

இனி ஓட்டைகளுக்கு வருவோம். கம்பர் எந்தக் காலம்? அவரைப் பற்றிய பழைய தனிப்பாடல் ஒன்று சகம் 807 என்று கணக்குச் சொல்கிறது. சக ஆண்டோடு 78-ஐக் கூட்டினால் 885. ஆனால் ஆய்வாளர்களில் பெரும்பாலோர் 12-ஆம் நூற்றாண்டு என்கிறார்கள். நடுவில் முந்நூறு வருஷம் தொங்குகிறது. அப்புறம், அவர் சமாதி சிவகங்கைப் பக்கம் நாட்டரசன்கோட்டையில் இருக்கிறது. அது பாண்டிய நாடு. சோழ நாட்டில் பிறந்து பாண்டிய நாட்டில் கண்மூடிய கவிஞரின் சாமி, சேர நாட்டுக்கு எப்படி வந்தது? நாட்டரசன்கோட்டையில் அந்தச் சமாதி மண்ணைக் குழந்தையின் நாக்கில் வைக்கும் வழக்கம் உண்டு. ஆக ஒரே கவிஞருக்கு இரண்டு புனிதப்பொருள்: அங்கே மண், இங்கே சிலை.

கல்வெட்டு, செப்பேடு என்று எதையும் காட்டி நிரூபிக்கிற விஷயமில்லை இது. ஆனால் ஒரு வாக்கை நம்பி இத்தனை தலைமுறை சிலையைச் சுமந்து நடந்திருக்கிறார்கள். சுமந்ததற்குக் கணக்கு இருக்கிறது, செலவுச் சீட்டு இருக்கிறது. என் கணக்குப்பிள்ளைக்கு அதில்தான் அக்கறை. பொருள் யாருடையது என்பதைவிட, யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்றுதான் அவர் கேட்டுக்கொண்டே இருக்கிறார். எனக்கும் அந்தக் கேள்விதான் பிடிக்கும்.

உடைவாள் எதற்கு வருகிறது? மர்மத்துக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?

பத்மநாபபுரம் அரண்மனையின் உப்பரிகை மாளிகையில் ராஜாவின் உடைவாள் இருக்கிறது. ஊர்வலம் கிளம்புவதற்கு முன் அதை எடுத்து முறைப்படி ஒருவர் கொடுக்க, இன்னொருவர் வாங்கிக்கொள்வார். இப்போது இரண்டு மாநிலத்து அதிகாரிகளும் அமைச்சர்களும் வந்து நிற்பார்கள். வாள் முன்னே போகும், சாமிகள் பின்னே போவார்கள்.

இதற்கு ஒரு பின்கதை உண்டு. திருவிதாங்கூர் ராஜா மார்த்தாண்ட வர்மா 1750-இல் நாட்டையே பத்மநாபசுவாமிக்கு எழுதிக்கொடுத்து, வாளை அவர் சன்னிதியில் வைத்து, பத்மநாபதாசனாக, அதாவது அவருடைய ஊழியனாக, திரும்ப வாங்கிக்கொண்டார். திருப்படிதானம் என்பார்கள். அதற்குப் பின் திருவிதாங்கூரில் வாள் என்றால் வெறும் ஆயுதம் இல்லை. வாள் முன்னே போனால் ராஜாவே முன்னே நடப்பதாகக் கணக்கு.

நான் பார்த்த ஒரு வருஷம் நல்ல மழை. கல் முற்றம் வழுக்கியது. வாளை வாங்கிய பெரியவர் முதலில் வேட்டி நுனியில் உள்ளங்கை இரண்டையும் துடைத்துக்கொண்டார், அப்புறம்தான் நீட்டினார். அந்தத் துடைப்பை அப்படியே நாவலின் இரண்டாம் அத்தியாயத்தில் எடுத்து வைத்திருக்கிறேன். அதைக் கவனித்தவர்களுக்கு யார்மேல் சந்தேகப்பட வேண்டும் என்பதும் தெரிந்திருக்கும்.

ஊர்வலம் எந்த வழி போகிறது? நடந்து பார்க்க முடியுமா?

தாராளமாக. மூன்று சாமிகள்: தேவாரக்கெட்டு சரஸ்வதி, வேளிமலை குமாரசுவாமி, சுசீந்திரம் முன்னுதித்த நங்கை. சரஸ்வதி யானைமேல், மற்ற இருவரும் பல்லக்கில். முதல் ராத்திரி குழித்துறை, மறுநாள் களியக்காவிளை எல்லை தாண்டி இரண்டாம் ராத்திரி நெய்யாற்றின்கரை, மூன்றாம் நாள் கரமனை வழியாகத் திருவனந்தபுரம். அங்கே சரஸ்வதி கோட்டைக்குள் நவராத்திரி மண்டபத்திலும், குமாரசுவாமி ஆரியசாலையிலும், நங்கை செந்திட்டையிலும் தங்குவார்கள். மொத்தம் ஐம்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். செருப்பைப் பையில் வைத்துக்கொண்டு நடப்பது நல்லது. தார் சூடாக இருக்கும், ஆனால் வீட்டுக்கு வீடு தண்ணீர் தெளித்து வைத்திருப்பார்கள்.

களியக்காவிளையில் நின்று பாருங்கள். தமிழ்நாட்டுப் போலீஸ் ஒரு பக்கம், கேரளப் போலீஸ் மறு பக்கம் அணிவகுத்து மரியாதை செய்யும். ஒரு சாயாக்கடையில் கேட்டேன்: "பாட்டா, சாமி எல்லை தாண்டியாச்சா?" அவர் கிளாஸைக் கழுவிக்கொண்டே சொன்னார்: "சாமிக்கு என்ன எல்லை மக்கா, நமக்குல்லா எல்லை."

நாவலில் வரும் பாட்டுக்காரப் பெண் ஏன் நவராத்திரி மண்டபத்துக்கு வெளியிலேயே நின்று பாடுகிறாள்?

உள்ளே விட மாட்டார்கள் என்பதால். நவராத்திரி மண்டபக் கச்சேரியில் முதன்முதலாக ஒரு பெண் பாடியது 2006-இல். பாடியவர் பாறசாலை பொன்னம்மாள், நம் எல்லைக்கு அந்தப்பக்கம் முதல் ஊர்க்காரர். 1839-இல் என் பாத்திரத்துக்கு வேறு வழி இல்லை.

ஓலைச்சுவடியை வைத்துத் துப்புத் துலக்குவது நம்பும்படியாக இருக்கிறதா?

எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி இது, கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

பழைய ஓலையில் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்க மாட்டார்கள். ஆணி ஓலையைத் துளைத்துவிடும் என்பார்கள். எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் வித்தியாசம் இருக்காது. இன்னும் ஒரு வம்பு: துணைக்காலும் ரகரமும் ஒரே மாதிரி இருக்கும். வார்த்தைக்கு வார்த்தை இடமும் விட மாட்டார்கள். "வாள்" என்று எழுதினால் அது "வாள" என்றும் படிக்கலாம், "வரள" என்றும் படிக்கலாம். பழக்கப்பட்ட கண்ணுக்கு இடத்தை வைத்துத் தெரியும். பழக்கமில்லாதவன் தனக்கு வேண்டியதைப் படித்துக்கொள்வான். கதையில் வரும் சண்டையில் பாதி இதனால் வருவதுதான்.

மதிலகம் ஆவணங்கள் என்று திருவிதாங்கூர் ஓலைகள் ஒரு பெரிய களஞ்சியமாகவே இருக்கின்றன. சுருணை சுருணையாகச் சுற்றி வைத்தவை. தமிழ், பிறகு மலையாண்மை, வட்டெழுத்து, கோலெழுத்து என்ற பழைய எழுத்து வகைகள் என்று எழுத்தும் ஊருக்கு ஒன்று, காலத்துக்கு ஒன்று. ஒரு ஆவண அலுவலகத்தில் என்னை மூன்று நாள் பெஞ்சில் உட்கார வைத்து, நாலாம் நாள் "சாவி எடுத்தவர் லீவு" என்று சொன்னார்கள். அந்த மூன்று நாளில் பெஞ்சுக்காரர்களிடம் கேட்ட கதைகள்தான் நாவலின் எட்டாம் அத்தியாயம். நஷ்டமில்லை.

எழுத்தாணி மாறியதை அவர் எப்படிக் கண்டுபிடித்தார்?

ஓலை எழுதுகிறவர் ஓலையை இடது கையில் பிடிப்பார். இடது கட்டைவிரல் நகத்தை வளர்த்து அதில் ஒரு வெட்டு வைத்திருப்பார். ஆணி அந்த வெட்டில் பதிந்து நிற்கும், ஓலைதான் நகரும். வருஷக்கணக்கில் எழுதினால் ஆணியின் ஒரு பக்கம் மட்டும் மழுங்கி வழவழப்பாகும். கணக்குப்பிள்ளைக்கு அதே வேலை, அதே வெட்டு. பெட்டியிலிருந்து எடுத்ததும் விரல் தானாகவே போய் உட்கார வேண்டிய இடத்தில் உட்காரவில்லை. தேய்மானம் எதிர்ப்பக்கம் இருந்தது. அவ்வளவுதான் துப்பு. ரத்தக்கறையும் இல்லை, துண்டுச்சீட்டும் இல்லை.

பெட்டியில் இருந்தது மடக்கெழுத்தாணி என்கிறீர்கள். கம்பர் காலத்தில் அது உண்டா?

ஒரு முனையில் ஆணி, மறுமுனையில் ஓலை வார ஒரு சின்னக் கத்தி, இரண்டும் மடங்கிப் பிடிக்குள் போய்விடும், அதுதான் மடக்கெழுத்தாணி. கேள்வி நல்ல கேள்வி. இதைக் கேட்டவருக்குப் பாதி விடை கிடைத்துவிட்டது. மேலே சொல்ல மாட்டேன்.

"தேவாரக்கெட்டு" என்ற பேரை வைத்து ஒரு பொய்த்துப்பு வருகிறதே, அது நியாயமா?

நியாயம்தான். கதையில் தஞ்சாவூரிலிருந்து வரும் ஒரு ஆள் "தேவாரம்" என்றதும் மூவர் பாடிய பதிகம் என்று நினைக்கிறார். பதிக ஏடுகளைக் கட்டி வைத்த இடம் என்று முடிவு கட்டி, அங்கே ஏடு தேடுகிறார். இந்தப் பக்கத்தில் தேவாரம் (மலையாளத்தில் தேவாரம், தேவாரப்புர என்று வரும்) என்றால் வீட்டில் தினமும் செய்கிற சொந்தப் பூசை. கெட்டு என்றால் கட்டு. நாலுகெட்டு வீடு என்கிறோமே, அதே கெட்டு. ஆக ராஜாவின் பூசைக்கட்டு, அவ்வளவுதான். நாற்பது பக்கம் அந்த மனுஷன் தவறான அறையில் தேடிக்கொண்டிருக்கிறார்.

இன்னொரு பேரும் இப்படித்தான். தமிழில் "முன்னுதித்த நங்கை", முதலில் தோன்றியவள். மலையாளத்தில் எழுதும்போது "முந்நூற்றி நங்க" என்கிறார்கள், முந்நூறு என்ற எண் வந்து உட்கார்ந்துகொள்கிறது. எது முந்தியது என்று நான் தீர்ப்புச் சொல்லவில்லை. ஒரு பேரை இரண்டு மொழி இரண்டு விதமாகக் கேட்கிற ஊரில் மர்மக்கதை எழுதுகிறவனுக்குப் பஞ்சமே வராது.

கொல்லம் ஆண்டை எப்படி மாற்றுவது? உங்கள் கணக்கு ஒரு வருஷம் தப்பு என்று ஒருவர் எழுதியிருக்கிறாரே?

கொல்லம் ஆண்டு சிங்க மாதம், அதாவது ஆகஸ்ட் நடுவில் பிறக்கும். சிங்கத்திலிருந்து டிசம்பர் கடைசி வரை 824-ஐக் கூட்ட வேண்டும், ஜனவரிக்கு மேல் 825. கொல்லம் 1015 கன்னி என்பது செப்டம்பர், அக்டோபர். எனவே 1839. திருப்படிதானம் 925 மகரம். மகரம் ஜனவரியில் வரும், எனவே 1750. எழுதியவர் எல்லாவற்றுக்கும் 825 கூட்டியிருக்கிறார்.

வேறு என்ன தப்புகள் பிடித்தார்கள்?

ஒன்று அசலான தப்பு, என் தலையில் நானே வைத்துக்கொண்டது. முதல் பதிப்பில் குழித்துறைச் சத்திரத்தில் பல்லக்குச் சுமக்கிறவர்கள் மரச்சீனிக்கிழங்கும் மீன்கறியும் சாப்பிடுவார்கள். மார்த்தாண்டத்திலிருந்து ஒரு ஆசிரியை போன் செய்து, "தம்பி, மரச்சீனியை இங்க பரப்பினது விசாகம் திருநாள்லா?" என்றார். விசாகம் திருநாள் மகாராஜா திருவிதாங்கூரை ஆண்டது 1880 முதல் 1885 வரை. கிழங்கு அதற்கு முன்பே கடல் வழியாக வந்திருந்தாலும், 1839-இல் சத்திரத்து அன்றாடச் சாப்பாடாக இருந்திருக்காது. இரண்டாம் பதிப்பில் காச்சில் கிழங்கு போட்டேன். ருசி கொஞ்சம் குறைவு. கட்டன்சாயாவையும் எடுத்துவிட்டேன். அந்தப் பக்கத்தை இப்போது படித்தால் எனக்கே பசிப்பதில்லை.

இன்னொருவர், சுசீந்திரம் பெரிய அனுமார் சிலையைத் திப்புவுக்குப் பயந்து 1740-இல் புதைத்தார்களே, அதை ஏன் சேர்க்கவில்லை என்று கோபித்துக்கொண்டார். பல இடங்களில் அப்படித்தான் எழுதியிருக்கிறார்கள். திப்பு பிறந்ததே 1750-51 வாக்கில். பிறக்காத ஆளுக்குப் பயந்து பதினெட்டு அடிச் சிலையை யாரும் புதைக்க மாட்டார்கள். ஆள் தப்பா, வருஷம் தப்பா என்பது தனிக்கதை. அதனால்தான் சேர்க்கவில்லை.

கைமுக்கு காட்சி இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்குமே?

சுசீந்திரத்தில் நடந்த பரீட்சை அது. கொதிக்கும் நெய்யில் கையை விட்டு உள்ளே கிடக்கும் சிறு உருவை எடுக்க வேண்டும். அப்புறம் கையைத் துணியால் கட்டிவிடுவார்கள். கட்டை அவிழ்க்கும்போது புண் இல்லை என்றால் குற்றமற்றவர். அது பெரும்பாலும் கேரள அந்தணர்களான நம்பூதிரிகள்மேல் வந்த ஒழுக்கக் குற்றச்சாட்டுகளுக்கு. திருட்டுச் சந்தேகத்தில் ஒரு கணக்குப்பிள்ளையின் கையை அதில் முக்கினால் வரலாறு என்னை முக்கிவிடும். கதையில் அந்தப் பேச்சு மட்டும் காற்றில் வரும். பயத்துக்கு அது போதும்.

சுரங்கப்பாதை ஏன் இல்லை?

அரண்மனையைச் சுற்றிக்காட்டுகிறவர்கள் சாரோட்டு அரண்மனைக்குச் சுரங்கம் இருப்பதாகச் சொல்வார்கள். கேட்க நன்றாக இருக்கும். ஆனால் மர்ம நாவலில் சுரங்கம் வந்தால் எனக்குப் புத்தகத்தை மூடத் தோன்றும். அதற்குப் பதில் நவராத்திரி மண்டபத் தரையைப் பயன்படுத்தினேன். சிரட்டைக்கரி, சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு கலந்து தேய்த்த கறுப்புத் தரை என்பார்கள். விளக்கு வைத்தால் ஆள் தலைகீழாகத் தெரியும். யார் குனிந்தார் என்று கணக்குப்பிள்ளை பார்த்தது அந்தத் தரையில்தான்.

இன்றைக்கு இவையெல்லாம் யாருக்குச் சொந்தம்? தமிழ்நாட்டுக்கா, கேரளத்துக்கா?

1956 நவம்பர் 1-இல் அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் தமிழ்நாட்டுக்கு வந்தன. கோயில்கள் இந்தப் பக்கம் வந்தன. பத்மநாபபுரம் அரண்மனை நிற்பது தமிழ்நாட்டு மண்ணில், நிர்வகிப்பது கேரளத் தொல்லியல் துறை. வாள் இருக்கும் வீடு ஒருவர் கையில், சாமி இருக்கும் கோயில் இன்னொருவர் கையில். அரசியலமைப்பின் 290அ பிரிவைப் புரட்டிப் பாருங்கள்: கேரளம் திருவிதாங்கூர் தேவசுவம் (கோயில் நிர்வாகம்) நிதிக்கு வருஷம் 46 லட்சத்து 50 ஆயிரம் ரூபாய், தமிழ்நாடு இந்தப் பக்கம் வந்த கோயில்களுக்காக 13 லட்சத்து 50 ஆயிரம் ரூபாய் கொடுக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறது. நாட்டின் அரசியலமைப்பிலேயே கோயில் கணக்கு ஒரு வரி. என் கணக்குப்பிள்ளை இருந்திருந்தால் கண்ணில் ஒற்றிக்கொண்டிருப்பார்.

மலையாளத்தில் வருமா?

இன்னும் யாரும் கேட்கவில்லை. பாதி உரையாடல் ஏற்கெனவே அப்படித்தான் இருக்கிறது என்று சிலர் குறைப்படுகிறார்கள். நெய்யாற்றின்கரைக்காரன் தஞ்சாவூர்த் தமிழ் பேச மாட்டான், நான் என்ன செய்ய?

எங்கள் வீட்டு மச்சில் ஒரு ஓலைக்கட்டு கிடக்கிறது. என்ன செய்வது?

மாதம் ஒருவராவது கேட்கிறார்கள். முதலில், தேங்காயெண்ணெய் தடவாதீர்கள், வெயிலில் காய வைக்காதீர்கள், கயிற்றை வெடுக்கென்று இழுக்காதீர்கள். ஓலைக்குப் புல்தைலம்தான் வழக்கம், அதையும் பழகியவர் கையால் செய்ய வேண்டும். 75 வருஷத்துக்கு மேற்பட்ட சுவடிகள் 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்துக்குள் வரும், விற்கிற யோசனை இருந்தால் அதை மறந்துவிடுங்கள். படம் எடுத்து, எந்த வீட்டில், எந்தப் பெட்டியில், யார் வைத்தது என்று ஒரு தாளில் எழுதி கூடவே வையுங்கள். பெரும்பாலும் நில ஒற்றிக்கணக்கு, மருந்து, ஜாதகம் என்று ஏதாவது இருக்கும். சக்கரமும் பணமுமாகக் கணக்கு எழுதியிருந்தால் 28 சக்கரம் ஒரு ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நாவல் ஏன் திரும்பி வரும் ஊர்வலத்தில் தொடங்குகிறது?

போகும்போது எல்லாரும் பார்க்கிறார்கள். வாசலில் விளக்கு, தலைக்கு மேல் குழந்தை, ரோட்டில் இடமில்லை. விஜயதசமி முடிந்து திரும்பும்போது கூட்டம் பாதிகூட இருக்காது. ஒரு வருஷம் குழித்துறைக்கு முன்னால் நின்றேன். மேளக்காரர் ஒருவர் தவிலை முதுகில் போட்டுக்கொண்டு பீடி பற்றவைக்கத் தீப்பெட்டி கேட்டார். யானை ஒரு மதிலோரத் தென்னையின் ஓலையை எட்டிப் பறித்தது. பல்லக்குக்குப் பின்னால் ஒருவர் கையில் நோட்டுப் புத்தகத்தோடு நடந்து வந்தார். என்ன எழுதியிருக்கிறீர்கள் என்று கேட்டேன்.

"போன சாதனம் எல்லாம் வந்திருக்கான்னு" என்றார், பேனாவைக் காதில் செருகிக்கொண்டு.